மலையேறும் மின்சாரம்

எண்ணூரில் எரிந்த கரி, ஆனைமலையில் தண்ணீரை மலையேற்றியது. விடுகதை போலத் தோன்றினாலும், 1987-க்குப் பிறகு மின்சாரம் மிஞ்சிய இரவுகளில் தமிழ்நாட்டில் நடந்தது இதுதான். எண்ணூர், நெய்வேலி, தூத்துக்குடி என்று எங்கே உற்பத்தியானாலும் மின்சாரம் ஒரே தொகுப்பில்தான் கலக்கிறது. ஊர் உறங்கியதும் அதைக் கேட்பார் குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் மலைப்பாதைக்கு அப்பால், பாறையைக் குடைந்து கட்டிய கடம்பாறை மின் நிலையத்தில் இயந்திரங்கள் திசை மாறிச் சுழலும். மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துத் தண்ணீர் அங்கிருந்து கிளம்பி, ஏறத்தாழ 380 மீட்டர் உயரத்தில் இருக்கும் கடம்பாறை அணைக்குப் போய்ச் சேரும். (பெயரில்தான் மேல்; இந்த ஏற்பாட்டில் மேல் ஆழியாறு கீழே இருக்கிறது.) மறுநாள் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அதே தண்ணீர் அதே சுரங்க வழியே இறங்கி வந்து 400 மெகாவாட் வரை மின்சாரம் தரும்.

இரவில் மிஞ்சும் என்று தெரிந்தும் ஏன் உற்பத்தி செய்ய வேண்டும்? அனல் மின் நிலையக் கொதிகலன் திருகினால் அணையும் கேஸ் அடுப்பு அல்ல. செங்கல் சூளையின் சுபாவம் அதற்கு. பல மாடி உயரத்துக்கு நிற்கும் இரும்புக் கூட்டில் ஆயிரக்கணக்கான குழாய்கள், அவற்றுக்குள் உயர் அழுத்த நீராவி. முற்றிலும் ஆறிப்போன கொதிகலனை மறுபடி மூட்டி முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். அதுவரை கரியோடு எண்ணெயும் எரிக்க வேண்டும். சூடேறி ஆறி, மறுபடி சூடேறும் ஒவ்வொரு முறையும் தடித்த உலோகச் சுவர்கள் சோர்ந்துபோகும், விரிசல் விடும். எண்ணூரின் பழைய நிலையம் 1970-லிருந்து 1975-க்குள் படிப்படியாக எழுந்தது. 60 மெகாவாட்டில் இரண்டு அலகுகள், 110 மெகாவாட்டில் மூன்று, ஆக 450 மெகாவாட். அதை இரவு பத்து மணிக்கு அணைத்துவிட்டு விடிகாலையில் பற்றவைக்கும் யோசனை எந்தப் பொறியாளருக்கும் வராது. தணித்து ஓட்டலாம், அதுவும் ஓரளவுக்குத்தான். எனவே அந்தக் காலத்தில் நீரேற்று மின் நிலையம் என்பது கரியின் உறக்கமின்மைக்குச் செய்த வைத்தியம்.

இன்று அந்த வைத்தியமே கரியை ஓரங்கட்டுவதற்குத் தேவைப்படுகிறது. எண்ணூர் இருக்கும் வட சென்னையின் வானம் எப்போது தெளியும் என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பங்கு, கடலோரத்தை விட்டு வெகுதூரத்தில், ஆனைமலையிலும் நீலகிரியிலும் இருக்கிறது.

நீரேற்று நிலையத்தின் தத்துவம் வட சென்னைத் திருவொற்றியூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழக்கமானது. காலையில் மோட்டார் போட்டு, சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். பகல் முழுக்க அது தானாக இறங்கிக் குழாயில் வருகிறது. மோட்டாருக்குச் செலவான கரண்ட் தொட்டித் தண்ணீரின் உயரத்தில் ஒளிந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் இறங்கும் வழியில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்தால் கொஞ்சம் கரண்டைத் திரும்ப எடுக்கலாம்.

எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டால்தான் ஏமாற்றம். பத்து மீட்டர் உயரத்தில் ஆயிரம் லிட்டர் தொட்டி. அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் 0.027 யூனிட். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு மூன்று மணி நேரம் எரியும், அவ்வளவே. ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரு யூனிட் சேமிக்க வேண்டுமானால் அதை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும். சென்னையின் பரங்கிமலைகூட அதில் நாலில் ஒரு பங்குதான் தேறும். கடம்பாறையின் 380 மீட்டர் எவ்வளவு அருமையானது என்பது இந்த இடத்தில் புரியும். அங்கே ஒரு கன மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு யூனிட்.

வட சென்னைக்காரருக்கு இதைத் தண்ணீர் லாரியில் சொன்னால் சட்டென்று விளங்கும். 12,000 லிட்டர் லாரி ஒன்றின் தண்ணீர் அத்தனை உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 12 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச 100 யூனிட்டுக்கு எட்டு லாரிக்கு மேல் விழ வேண்டும். கடம்பாறையின் நான்கு இயந்திரங்களும் முழு வேகத்தில் ஓடும்போது, இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், மணிக்குச் சுமார் 36,000 லாரித் தண்ணீர் இறங்குகிறது. நொடிக்குப் பத்து லாரி. அதே இயந்திரங்கள் தலைகீழாகச் சுழன்று அந்தப் பெருவெள்ளத்தை மேலே அனுப்பவும் செய்கின்றன. ஒரு திசையில் சுழன்றால் டர்பைன், மறு திசையில் சுழன்றால் பம்ப். அதோடு இணைந்த மின்னியந்திரமும் அப்படியே. இறக்கத்தில் ஜெனரேட்டர், ஏற்றத்தில் மோட்டார். இந்த இருமுக இயந்திரம் வருவதற்கு முன்பே, 1890-களில், சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் பம்பையும் டர்பைனையும் தனித்தனியாக வைத்து இதே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

ஏற்றும்போதும் இறக்கும்போதும் உராய்வு, வெப்பம், கசிவு என்று வழியில் கொஞ்சம் போய்விடும். நான்கு யூனிட் செலவழித்து ஏற்றினால் மூன்று யூனிட் திரும்ப வரும். நல்ல நிலையங்களில் அதற்குச் சற்று மேல். இதைக் கேட்டதும், நஷ்டத்துக்கு ஒரு நிலையமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நெல்லைக் குத்தினால் உமி போகத்தான் செய்யும். கேட்பாரற்ற நேரத்து நான்கு யூனிட்டைக் கொடுத்து, ஆளாளுக்கு அடித்துக்கொள்ளும் நேரத்து மூன்று யூனிட்டை வாங்குகிறோம். இந்த நிலையம் விற்கும் சரக்கு நேரம் ஒன்றுதான்.

அதிலும் நொடிக்கணக்கான நேரம். மின்தொகுப்பில் சேமிப்புக் கிடங்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு கணமும் உற்பத்தியும் உபயோகமும் சமமாக இருந்தாக வேண்டும். இரண்டும் சமமாக இருக்கும்போது நாட்டில் உள்ள ஜெனரேட்டர்கள் அனைத்தும் தாளம் தப்பாமல் நொடிக்கு 50 சுழற்சி என்ற அதிர்வெண்ணைக் கொடுக்கும். உபயோகம் கூடினால் தாளம் தொய்யும், உற்பத்தி கூடினால் துரிதமாகும். வெகுவாக விலகினால் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும், பிறகு ஊரே இருட்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் அதுதான் நடந்தது. தென்னிந்தியத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படாதிருந்ததால் சென்னை தப்பித்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக அந்த இணைப்பும் நடந்தேறியது. இப்போது எண்ணூரும் காஷ்மீரும் ஒரே தாளம்.

அந்தத் தாளத்துக்கு வந்த பெரிய சோதனையை எல்லோரும் வீட்டு வாசலில் நின்று பார்த்தோம். சோதனை என்று பலருக்குத் தெரியாது. 2020 ஏப்ரல் 5, ஊரடங்கு நேரம். இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் மின்விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொன்னார் பிரதமர். நாடெங்கும் தேவை சில நிமிடங்களில் ஏறத்தாழ 31,000 மெகாவாட் சரிந்து, உடனே ஏறத் தொடங்கியது. அனல் நிலையங்களால் அந்த வேகத்துக்கு ஆட முடியாது. நாட்டின் நீர்மின் நிலையங்கள் ஒன்பது மணிக்கு முன்பே உற்பத்தியைக் கூட்டிவைத்துக் காத்திருந்தன. விளக்குகள் அணைய அணைய 17,500 மெகாவாட் அளவுக்குக் குறைத்தன. விளக்குகள் திரும்ப எரிந்தபோது மீண்டும் கூட்டின. கரி நிலையம் மணிக்கணக்கில் செய்வதைத் தண்ணீர் நிமிடக்கணக்கில் செய்துகாட்டியது.

நொடிக்கணக்கிலும் செய்யும். பிரிட்டனில் வேல்ஸ் மலையைக் குடைந்து 1984-ல் திறந்த டினோர்விக் நீரேற்று நிலையம், இயந்திரங்களைத் தண்ணீரில்லாமல் காற்றில் சுழலவிட்டுத் தயாராக வைத்திருந்தால், 12 நொடிகளில் 1,320 மெகாவாட்டைத் தொடும். அங்கே இதற்கு அவசியம் தேநீரால் வந்தது. 1990 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து தோற்றதும் நாடே எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டதில் 2,800 மெகாவாட் தேவை ஒரேயடியாக எகிறியது.

கடம்பாறை ஓடத் தொடங்குவதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1986-ல், தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை சுழன்றது. இரண்டுக்கும் உறவு வரும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். பிறகு முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, உடுமலை, கம்பம் என்று மலைக் கணவாய்கள் எங்கெல்லாம் தென்மேற்குப் பருவக்காற்றை இடுக்கி வேகமாக்குகின்றனவோ அங்கெல்லாம் கோபுரங்கள் முளைத்தன. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது, சூரிய மின்திறன் 10,000 மெகாவாட்டை ஒட்டி நின்றது. 2024 மே 2 அன்று மாநிலம் கண்ட உச்சத் தேவை 20,830 மெகாவாட் என்பதோடு வைத்துப் பார்த்தால் இந்த எண்களின் கனம் தெரியும். பெயர்ப்பலகைத் திறன் முழுவதும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

இதனால் கணக்கு புரண்டுபோனது. முன்பு மலிவாகக் கிடந்தது நள்ளிரவு மின்சாரம். இப்போது வெயில் நாட்களில் நண்பகல் மின்சாரம்தான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. கட்டணச் சட்டங்கள் இந்த மாற்றத்தை மெதுவாகத்தான் புரிந்துகொண்டன. தமிழ்நாட்டு ஆலைகளுக்கு இரவு நேரத்தில் சலுகை என்பதே நெடுங்கால வழக்கம். அது கரிக் காலத்துப் புத்தி. 2023-ல் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் விதிகள், சூரிய நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தன.

இந்தப் புரட்டலின் சுமை வந்து விழுவது வட சென்னையில். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் அத்திப்பட்டு வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் நிலை 800; பக்கத்திலேயே தேசிய அனல் மின் கழகமும் மாநில மின்வாரியமும் கூட்டாகக் கட்டிய வல்லூர் 1,500. மொத்தம் 4,130 மெகாவாட். கப்பலில் காமராஜர் துறைமுகத்துக்கு வரும் கரி, பெல்ட்டில் ஊர்ந்து நேராகக் கொதிகலனுக்குப் போகிறது. இந்தியாவில் கரி அலகுகளை 55 விழுக்காட்டுக்குக் கீழே தணிக்காமல் ஓட்டுவதே இன்றைய நியதி. அனைத்து அலகுகளும் ஓடும் ஒரு நாளில், வெயில் எவ்வளவு சுட்டெரித்தாலும், இந்தக் கழிமுகம் மட்டுமே 2,270 மெகாவாட்டுக்குக் குறையாமல் உற்பத்தி செய்துகொண்டிருக்கும். மாலை ஆறரைக்குச் சூரியன் போய்விடும், ஏழு மணிக்குத் தெருவிளக்கும் வீட்டு ஏ.சி.யும் சேரும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டிய செங்குத்தான மேட்டுக்காகத்தான் பகல் முழுக்கக் கொதிகலன்களை அரைச் சூட்டில் வைத்திருக்கிறார்கள். அரைச் சூட்டில் ஓடும் கொதிகலன் யூனிட் ஒன்றுக்கு வழக்கத்தைவிட அதிகக் கரி தின்னும் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்.

மாலை மேட்டை ஏற வட சென்னையிடம் பழைய உபாயம் ஒன்று இருந்தது. சென்னை நகரத்தின் முதல் மின் நிலையம் நின்ற பேசின் பாலத்தில் 1996-ல் 120 மெகாவாட் எரிவாயு டர்பைன் நிலையம் வந்தது. சில நிமிடங்களில் கிளம்பும், நாப்தாவில் ஓடும். நாப்தா விலையில் யூனிட் கணக்கைப் பார்த்தால் கிளப்பவே கை கூசும்.

காற்றின் கதை கொஞ்சம் வேறு. மே முதல் செப்டம்பர் வரை வீசும் பருவக்காற்று சூரியனைப் போல நேரம் பார்க்காது. ஆடி மாதத்து நள்ளிரவில், மழை குளிரில் மின்விசிறிகள் அணைந்திருக்கும்போதும், முப்பந்தலில் இறக்கைகள் முழு வேகத்தில் சுழலும். அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லாதபோது காற்றாலைகளை நிறுத்தச் சொல்வார்கள். காசு கேட்காத எரிபொருளை வாசலில் நிறுத்திவிட்டுக் காசு கொடுத்து வாங்கிய கரியை எரிப்பது போன்ற விந்தை இது. நீரேற்று நிலையம் இருந்தால் ஆடி இரவில் காற்றைக்கொண்டும், பங்குனி நண்பகலில் வெயிலைக்கொண்டும் தண்ணீரை ஏற்றலாம். 1987-ல் கடம்பாறை கரிக்காகச் செய்ததையே இப்போது காற்றுக்கும் கதிருக்கும் செய்யும். இயந்திரத்துக்கு இதில் எந்த வித்தியாசமும் கிடையாது.

இவ்வளவு உபயோகமானதை இந்தியா எவ்வளவு கட்டியது? 2020-களின் தொடக்கத்தில் நாட்டில் இருந்த நீரேற்றுத் திறன் சுமார் 4,745 மெகாவாட். அதிலும் உண்மையாகத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது 3,305 மெகாவாட் மட்டும். மிச்சம், குஜராத்தின் சர்தார் சரோவரும் கடானாவும். சர்தார் சரோவரில் 1,200 மெகாவாட் இருமுக இயந்திரங்களை வாங்கி வைத்துவிட்டு, விழும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் கீழ் அணையைக் காலத்தில் கட்டவில்லை. கடானாவில் இயந்திர அதிர்வுப் பிரச்சினை. ஓடியவற்றில் நாகார்ஜுன சாகர், ஸ்ரீசைலம், மேற்கு வங்கத்துப் புருலியா ஆகியவற்றோடு கடம்பாறையும் ஒன்று. தமிழ்நாட்டில் 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் நீண்ட மின்வெட்டுக் காலத்தில், ஏற்றுவதற்கு மிச்ச மின்சாரமே இல்லையென்றால் இந்த நிலையத்தால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியும் இருந்தது. அன்றாடங்காய்ச்சிக்குச் சேமிப்புக் கணக்கு எதற்கு?

இப்போது சேமிக்க மிச்சம் இருக்கிறது, அதனால் அவசரமும் வந்துவிட்டது. 2024-ல் தமிழ்நாடு அரசு நீரேற்று மின் திட்டங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. உத்தராகண்டில் டெஹ்ரி அணையோடு சேர்ந்த 1,000 மெகாவாட் நிலையத்தின் முதல் அலகுகள் 2025-ல் ஓடத் தொடங்கின. அதில் ஒரு புதுமை உண்டு. கடம்பாறை போன்ற பழைய இயந்திரம் ஏற்றும்போது ஒரே வேகத்தில்தான் ஓடும். ஒன்று முழுதாக இழுக்கும், அல்லது இழுக்காது. டெஹ்ரியில் வேகத்தை மாற்றலாம், மேகம் வந்து போவதற்கேற்ப இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆந்திரத்தின் பின்னாபுரத்தில் வேறொரு வழி. ஆற்றை மறிக்காமல், குன்றின் மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம் கட்டி, ஒருமுறை நிரப்பிய தண்ணீரையே திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் 1,680 மெகாவாட் திட்டம். ஆவியாகும் தண்ணீரை மட்டும் அவ்வப்போது ஈடுகட்டினால் போதும்.

தமிழ்நாட்டின் அடுத்த நிலையம் நீலகிரியில் கட்டப்பட்டுவரும் குந்தா. 125 மெகாவாட்டில் நான்கு அலகுகள், மொத்தம் 500. மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி–எமரால்டு. இரண்டும் ஏற்கெனவே இருக்கும் நீர்த்தேக்கங்கள், எனவே புதிய அணை வேண்டாம். நடுவே சுரங்கமும் நிலத்தடி மின் நிலையமும் போதும். காகிதத்தில் இதைவிட எளிய திட்டம் அமையாது. ஆனாலும் ஆண்டுகள் ஓடுகின்றன, மலைக்குள் போகும் வேலை மலைக்குத் தக்க வேகத்தில்தான் நடக்கிறது.

குந்தாவுக்குப் பக்கத்திலேயே திட்டமிடப்பட்ட சில்லஹல்லா 1,000 மெகாவாட் திட்டம் இன்னொரு ஜாதி. அதற்குப் புதிய அணைகள் வேண்டும். தேயிலையும் மலைக் காய்கறியும் விளையும் நிலம் போகும் என்று நீலகிரி விவசாயிகள் எதிர்த்து நிற்கிறார்கள். நிலச்சரிவு பயமும் சேர்ந்துகொள்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய மலை அது. பசுமை மின்சாரம் என்ற சொல் கேட்க இனிமையாக இருந்தாலும், பள்ளத்தாக்கை மூழ்கடிக்கும்போது அந்தப் பள்ளத்தாக்குக்காரர் அதை எந்த நிறமென்று சொல்வார்?

இந்த இடத்தில் எண்ணூர்க்காரருக்கும் நீலகிரிக்காரருக்கும் நடுவே ஒரு வழக்கு மூளலாம். காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் கொசஸ்தலையில் இறால் தடவிப் பிடித்த மீனவர்கள், குழாய் உடைந்து ஆற்றில் பரவிய சாம்பலை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள். இந்தியக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். வாரக்கணக்கில் கரி எரிந்தால் அது மலையாகக் குவியும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போன விவகாரம் இது. எங்கள் ஆற்றில் சாம்பல் கரைந்தபோது வராத சுற்றுச்சூழல் அக்கறை உங்கள் தேயிலைக்கு மட்டும் எப்படி வந்தது என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஒரு ஊரின் துன்பத்தை இன்னொரு ஊருக்கு மாற்றுவதை வளர்ச்சி என்று சொல்லக் கூடாது என்று மலைக்காரர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயமும் சந்திக்கும் இடம், இருக்கிற அணைகளை இணைக்கும் குந்தா வகைத் திட்டமும், ஆற்றை விட்டு விலகிய பின்னாபுரம் வகைத் திட்டமும்தான். முதலில் அவற்றைத் தீர்த்துவிட்டுப் பிறகு பள்ளத்தாக்குகளைத் தேடலாம். நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ்.

மலையே வேண்டாம், பக்கத்தில் கடல் இருக்கிறதே என்ற யோசனை கடலோர ஊருக்கு வராமல் இருக்காது. ஜப்பானியர் அதைச் செய்தும் பார்த்தார்கள். ஒகினாவா தீவில் 1999-ல் கடல் நீரையே சுமார் 150 மீட்டர் உயரத்தில் உள்ள எண்கோணக் குளத்துக்கு ஏற்றி இறக்கும் 30 மெகாவாட் நிலையம் ஓடியது. உப்பு அரிக்காத குழாய், சிப்பி ஒட்டாத பூச்சு என்று நிறையக் கற்றுக்கொண்டு, கட்டுப்படியாகாமல் 2016-ல் மூடினார்கள். எண்ணூரில் கடல் இருக்கிறது, குன்று இல்லை. இருக்கும் ஒரே குன்று சாம்பல் மேடு.

காசிமேட்டுக்காரர் வேறொன்றைச் சொல்வார். படகு கடலுக்குப் போகுமுன் ஏற்றும் ஐஸ் பாரும் சேமித்த மின்சாரம்தானே? முந்தைய நாள் ஐஸ் பேக்டரியில் செலவான கரண்ட், குளிர்ச்சியாக உறைந்து நாலைந்து நாள் நடுக்கடலில் மீனைக் காக்கிறது. பெரிய ஐஸ் ஆலைகளும் குளிர்பதனக் கிடங்குகளும் தங்கள் வேலையை நண்பகலுக்கு மாற்றிக்கொண்டால் அது தண்ணீரை மலையேற்றுவதற்குச் சமம். அணையும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம். திரும்ப மின்சாரமாக எடுக்க முடியாது என்ற ஒரு குறைதான்.

பிறகு பேட்டரி. அண்மை ஆண்டுகளில் அதன் விலை விழுந்த வேகம் நீரேற்று நிலையப் பொறியாளர்களுக்கே கலக்கம் தந்திருக்கும். பேட்டரியை ஓரிரு ஆண்டில் நிறுவிவிடலாம், நாலில் மூன்றைவிட அதிகமாகவே திருப்பித் தரும், மலையும் கேட்காது. 2017-ல் மூடப்பட்ட எண்ணூர்ப் பழைய நிலையம் போன்ற இடங்கள் அதற்குப் பொருத்தமானவை. நகரத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் உயரழுத்தப் பாதைகள் அந்தப் பகுதிக்கு எப்போதோ வந்துவிட்டன. ஆனால் பேட்டரிக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வயதாகிவிடும். 1980-களின் கடம்பாறை அணையும் சுரங்கமும் இன்னும் நின்று வேலை செய்கின்றன. தவிர, நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இரும்புச் சக்கரம் தாளத்தோடு சுழன்றுகொண்டிருப்பதே தொகுப்புக்கு ஒரு நிதானம். எங்கோ ஒரு நிலையம் திடீரென்று விழுந்தாலும் அதிர்வெண் சட்டென்று சரியாமல் அந்தச் சுழற்சி சில நொடிகள் தாங்கும். இன்று அந்த நிதானத்தைப் பெரிதும் கொடுப்பது கரி நிலையங்களின் டர்பைன்கள். அவை போகும்போது அந்த வேலையை யாராவது ஏற்க வேண்டும். இரண்டு மணி நேர ஏற்ற இறக்கத்துக்குப் பேட்டரி, மாலை முழுவதற்கும் மலைத் தண்ணீர் என்ற பங்கீடு நடைமுறையில் வரக்கூடும்.

இரண்டாலும் ஆகாத காரியமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி நாலைந்து நாள் வானம் மூடிக் கிடக்கும். வெயில் இல்லை; தென்மேற்குக் காற்றும் விடைபெற்றுவிட்டது. ஆறேழு மணி நேரத்துக்குத் தண்ணீர் வைத்திருக்கும் மேல் அணை முதல் நாள் மாலையோடு காலி, மறுநாள் ஏற்ற மின்சாரம் இல்லை. ஆடிக் காற்றைக் கார்த்திகைக்குச் சேமித்துவைக்கும் பாத்திரம் இன்னும் யாரிடமும் இல்லை. அந்த வாரங்களில் எண்ணூர்ப் புகைபோக்கிகளை அணைக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஆண்டில் எத்தனை நாள் அணைக்கலாம் என்பதில்தான் பேரம்.

அந்தப் பேரத்தை வட சென்னை அளவையில் போட்டுப் பார்க்கலாம். வல்லூரின் ஒரு 500 மெகாவாட் அலகு மாலை ஐந்து மணி நேரம் ஓடினால் 25 லட்சம் யூனிட். அதைக் கடம்பாறை உயரத்திலிருந்து தண்ணீர் தர வேண்டுமானால் ஏறத்தாழ 95 மில்லியன் கன அடி விழ வேண்டும். புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. குடித்துத் தீர்க்கும் தண்ணீரும் அல்ல, மறுநாள் அதே தண்ணீர் மறுபடி ஏறும். ஏற்றுவதற்கு 33 லட்சம் யூனிட் வேண்டும். கமுதி அளவிலான சூரிய மின் நிலையம் ஒன்றின் ஒரு நாள் உற்பத்தியைவிடச் சற்று அதிகம். குந்தா முடிந்தால் அதன் 500 மெகாவாட்டும் வல்லூரின் ஓர் அலகும் சரிக்குச் சரி. வல்லூரில் அப்படி மூன்று அலகுகள் இருக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில் அத்திப்பட்டில், புதிய 800-ஐயும் சேர்த்து, இன்னும் ஆறு.